உலர்ந்த தரையில் பனிச் சோதனை

லாட்ஜ்போல் மாவட்டத்தில் குளிர்காலச் சாலைப் பாதுகாப்பு வாரியம் என்று ஒன்று உருவாவதற்கு முன்னால், ஸ்டில்சன் மேட்டுச் சாலையில் பனி விழுந்தால் ஒரு வண்டி வந்து அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போகும். வாரியம் உருவான பிறகு அந்த வண்டியை விற்றுவிட்டார்கள். பாதுகாப்பைப் பற்றிக் கூடிப் பேச ஒரு கட்டடம் வேண்டியிருந்தது. வாரியத்திடம் விற்பதற்கு இருந்ததோ அந்த வண்டி ஒன்றுதான். கட்டடம் நன்றாகவே அமைந்தது. அடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் சிமெண்டுத் தரை. அமெரிக்காவில், மோன்டானாவின் அந்த மூலையில் ஜனவரியில் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்காரக்கூடிய பொது இடம் அது ஒன்றுதான் என்று வாரியத் தலைவர் டெல்மர் க்விஸ்ட் பெருமையாகச் சொல்வார். அதில் பொய் எதுவும் இல்லை.

பனி தள்ள வண்டி இல்லாமல் போனதும், மேட்டுச் சாலை ஆபத்தானதாகிவிட்டது என்பதை வாரியம் கண்டுபிடித்தது. உடனே அடிவாரத்தில், தூக்கி இறக்கும் கம்பு வைத்து ஒரு வாசல் போட்டார்கள். முதல் பனி விழுந்த நாளிலிருந்து அது உருகும்வரை, நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்று வாரியம் சான்று கொடுத்து, கண்ணாடியில் பச்சை வில்லை ஒட்டிய வண்டிகள் மட்டுமே மேலே போகலாம்.

மேட்டின் உச்சியில் இருந்த ஆரின் ஹாக்லண்டின் பிக்கப்பில் பின் சக்கரம் இரண்டுக்கு மட்டும்தான் இழுப்பு. முப்பது வருடத்துக்கு மேல் மரலாரி ஓட்டிய மனிதர். பின்னால் விறகை ஏற்றி, டயரில் சங்கிலியைச் சுற்றி, எத்தனையோ குளிர்காலங்களை அந்தப் பிக்கப்பிலேயே ஓட்டிவிட்டார். பழைய வண்டிகளுக்கு வாரியம் முதலில் கொடுத்திருந்த இரண்டு வருட விலக்கு முடிந்து, இனி அது செல்லாது என்று ஆன வருடம்தான் அவருடைய மனைவி மேவிஸின் நுரையீரலும் கைவிட்டது. மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் உருளை. வாரத்துக்கு ஒருமுறை காலி உருளைகளை நகரத்துக்குக் கொண்டுபோய் நிரப்பிக்கொண்டு வரவேண்டும். வண்டி ஏறாவிட்டால் உருளை ஏறாது. உருளை ஏறாவிட்டால் மேவிஸ் கீழே இறங்கியாக வேண்டும்.

"அதுக்கு அந்தக் கம்பளக் கடைக்காரன் என்னதான் சொல்றான்?" என்று மேவிஸ் கேட்டாள். க்விஸ்ட் தலைவராவதற்கு முன்னால் கம்பளம் விற்றவர்.

"டவுன்ல முதியோர் இல்லம் இருக்காம். குளிர் முடியற வரைக்கும் அங்க இருக்கலாமாம்."

"அவனையே போய் இருக்கச் சொல்லு. நான் இருந்தாலும் இங்கதான், செத்தாலும் இங்கதான். என்னை மூட்டை கட்டலாம்னு பாக்காத, கிழவா."

புது வண்டி வாங்க வழியில்லை. வீட்டில் இருந்த மாடுகளை விற்ற பணம் அவளுடைய வைத்தியத்துக்கே போய்விட்டது. ஆகவே ஆரின், இருக்கிற வண்டியையே மாற்றுவது என்று முடிவு செய்தார்.

மேட்டிலேயே பக்கத்து வீட்டுக்காரன் ராய்ஸ் ட்ரூடெல்லின் புல்வெளியில், மரம் விழுந்து கூரை நசுங்கிய வண்டி ஒன்று கிடந்தது. அதே கம்பெனி, அதே காலத்துச் சரக்கு, ஆனால் நாலு சக்கர இழுப்பு. இரண்டு சுமை விறகுக்கு ராய்ஸ் அதைக் கொடுத்துவிட்டான். முன் ஆக்சில், இழுப்பை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, அதிலிருந்து முன் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட் என்ற நீளமான இரும்புத் தண்டு எல்லாம் அதிலிருந்து வந்தன. கோடை முழுக்க ஆரின் கொட்டகையில் மல்லாந்து கிடந்தார். வண்டியின் அடிச்சட்டத்தில் புதிதாகத் தாங்கிகள் வெல்டு செய்து, முன்பக்க ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி, பெட்டியைப் பொருத்தி, கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பி முளைக்கிற அளவுக்குத் தரைத் தகட்டை வெட்டினார். மேவிஸ் நாற்காலியில் உட்கார்ந்து விளக்குப் பிடித்தாள்.

"லைட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டு."

"காட்டறேன். கையைச் சுட்டுக்கறதா இருந்தா முன்கூட்டியே சொல்லு. சிரிக்கறதுக்கு எனக்கு மூச்சு சேத்து வெக்கணும்."

முன்பக்கம் ஒரு சாண் உயர்ந்துவிட்டது. இதில் ஏற எனக்கு ஏணி வேண்டும் என்றாள் மேவிஸ். ஆரின் ஒரு இரும்புப் படியை வெல்டு செய்தார். ஆகஸ்டில் ஓடைச் சேற்றில் இறக்கிப் பார்த்தபோது, வண்டி முன்சக்கரத்தால் கரையைப் பிறாண்டிக்கொண்டு ஏறி மேலே வந்து நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேவிஸ், குழாயைச் சரிசெய்துகொண்டு, "இன்னொரு தடவை," என்றாள். அன்றைக்கு நாலு தடவை ஏறினார்கள். அந்த வருடத்தில் அவர்கள் இருவரும் சந்தோஷமாக இருந்த நாள் அது.

அக்டோபரில் வாரியக் கூடத்தில் சோதனை நடந்தது. வெதுவெதுப்பான தரையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். நாலு சக்கர இழுப்பைப் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, அந்த வட்டத்தைச் சுற்றி வரவேண்டும். பரிசோதகன் லயல் பெக்ஸ்டெட், முழங்கால் வரைக்கும் பளபளக்கும் கோட்டில் நின்றிருந்தான்.

"இது காஞ்ச தரையாச்சே, தம்பி," என்றார் ஆரின்.

"ஆமா சார். ஈரமா இருந்தா வழுக்குமே."

"நாலு வீலைப் போட்டுக் காஞ்ச தரையில வட்டம் அடிச்சா வண்டி தாங்காதே."

"விதி சார்," என்றான் லயல், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் முன்னும் பின்னும் ஒன்றாகக் கட்டப்பட்டே சுற்றும். வட்டம் அடிக்கும்போது முன்சக்கரங்கள் அதிக தூரம் போகவேண்டும், பின்சக்கரங்கள் குறைவாகப் போகவேண்டும். பனியிலோ சேற்றிலோ சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த சிமெண்டில் வழுக்க வழியில்லை. இரும்பு முறுக்கிக்கொண்டே போய், ஏதாவது ஒன்று உடைந்தால்தான் தீரும். மேட்டில் இது தெரியாதவர்கள் கிடையாது. அதனால்தான் வாரியத்தில் மேட்டுக்காரர் யாரையும் போடவில்லை.

சோதனைக்கு முன் க்விஸ்ட் பேசினார்.

"நண்பர்களே, பனியிலேயே சோதனை வெச்சா என்னன்னு சில பேர் கேக்கறாங்க. அவங்களை நான் திருப்பிக் கேக்கறேன். பனியில வண்டி வழுக்கி யாருக்காவது ஏதாவது ஆயிட்டா யார் பொறுப்பு? பாதுகாப்பைச் சோதிக்கப்போய்ப் பாதுகாப்பில்லாம நடந்துக்க இந்த வாரியம் ஒருநாளும் தயாரா இருக்காது."

எல்லோரும் கைதட்டினார்கள். கூடத்துக்குள் நல்ல கதகதப்பு.

ராய்ஸின் வண்டி முதலில் போனது. பக்கத்தில் கம்பெனி ஒட்டிய நாலு சக்கர முத்திரை மின்ன, குழந்தை சறுக்குமரத்தில் வருவதுபோல வட்டத்தைச் சுற்றி வந்து நின்றது. அதற்குப் பின்னால் வந்த மேட்டு வண்டிகளும் அப்படியேதான் போயின. ஆரினுக்கு ஒன்றும் புரியவில்லை. அவருடைய முறை வந்தது. கால் வட்டம் போவதற்குள் வண்டி முனகியது. அரை வட்டத்தில் முன்பக்கம் துள்ளியது. முக்கால் வட்டத்தில் அடியிலிருந்து துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. முன் ஷாஃப்டின் மூட்டு தெறித்து உருண்டுபோய் க்விஸ்டின் காலடியில் நின்றது.

"காஞ்ச தரையிலயே இந்த வண்டியால நிக்க முடியல," என்றார் க்விஸ்ட், வருத்தத்தோடு. "இது பனியில என்ன பண்ணும்னு நெனச்சாலே எனக்கு உடம்பு நடுங்குது."

வெளியே வந்து, ராய்ஸ் தன் வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"யோவ் ஆரின், உன்னை மாதிரி ஒரு அப்பாவியை நான் பாத்ததே இல்லய்யா. நெசமாவே நாலு வீலோடயா இங்க வருவ?"

"நாலு வீல்தானேய்யா கேட்டாங்க."

"கேப்பாங்க. கேட்டா? குனிஞ்சு பாரு."

ஆரின் குனிந்து பார்த்தார். ராய்ஸின் வண்டியில் முன் ஷாஃப்ட் இருக்கவேண்டிய இடத்தில் காற்றுதான் இருந்தது.

"எங்க அது?"

"கோழிக்கூண்டுக் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கேன். மேட்டுல எல்லாருமே அப்படித்தான். மொத வருஷம் எல்லாருக்கும் உடைஞ்சுது, அப்புறம் புத்தி வந்துது. கழட்டிட்டு வந்தா வெறும் ரெண்டு வீல் வண்டி, வெண்ணெய் மாதிரி சுத்தும். பனி விழுந்ததும் மாட்டிக்க வேண்டியதுதான்."

ஆரின் வீட்டுக்குப் போய் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு, மறு வாரம் திரும்பி வந்தார். வண்டி வெண்ணெய் மாதிரி சுற்றியது. க்விஸ்ட் அவர் தோளில் கைபோட்டு, விடாமுயற்சிக்கு இவரைப் பாருங்கள் என்று கூடத்துக்குக் காட்டினார். லயல் கண்ணாடியில் பச்சை வில்லையை ஒட்டினான். ஒட்டிவிட்டு, ஒரு சுருள் கம்பியும் ஈயக் குண்டும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தான்.

"அது என்ன தம்பி?"

"இந்த வருஷம் புதுசு சார். சான்று வாங்கினப்புறம் மேட்டுல சிலர் வண்டியில கை வெக்கறாங்கன்னு புகார். அதனால எந்த நிலையில பாஸாச்சோ அந்த நிலையிலயே வண்டி இருக்கணும்னு சீல் வெக்கறோம்."

பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே, இல்லாத ஷாஃப்டுக்குக் குறுக்காகக் கம்பியை இழுத்துக் கட்டி, ஈயத்தை நசுக்கினான். போன வாரம் பாஸான வண்டிகளையும் ஏற்கெனவே ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுச் சீல் வைத்தாயிற்று. ஆரினும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"தம்பி, இது இப்ப நாலு வீல் வண்டி இல்ல. உனக்குத் தெரியுதுல்ல?"

"தெரியும் சார். எங்க வீட்டு வண்டியிலயும் ஷாஃப்ட் இல்ல," என்றான் லயல் தாழ்ந்த குரலில். "ஆனா அது சோதனையில வராத கேள்வி. வட்டம் சுத்துச்சா, அவ்வளவுதான்."

வீட்டில் மேவிஸ் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள், இருமினாள், மறுபடியும் சிரித்தாள். "கோடை முழுக்க மல்லாந்து கிடந்து ரெண்டை நாலாக்கின. இப்ப நாலை ரெண்டாக்கி, நாலுன்னு பேர் வாங்கிட்டு வந்து நிக்கற. இதுக்குப் பேசாம பழைய வண்டிக்கே பச்சை பெயிண்ட் அடிச்சிருக்கலாம்."

"சங்கிலி போட்டுச் சமாளிச்சுக்கலாம், விடு."

அதற்கும் வழியில்லை என்று பிறகு தெரிந்தது. சான்று பெற்ற வண்டிகள் சங்கிலி போடக்கூடாது; போட்டால் வாரியத்தின் சான்றின்மீது நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுமாம்.

நவம்பரில் முதல் பெரும் பனி விழுந்தது. ஒரே நாளில் மேட்டு வண்டிகள் பாதிக்குமேல் பள்ளத்தில் கிடந்தன. ராய்ஸின் வண்டி ஒரு பைன் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. அந்த வாரமே க்விஸ்ட் கூட்டம் போட்டார்.

"நானே நேர்ல விசாரிச்சேன். பள்ளத்துல விழுந்த ஒவ்வொரு வண்டியும் நம்ம சான்று வாங்கின வண்டி. சான்று வாங்காத ஒரு வண்டிகூட விழலை. ஏன்னா அப்படி ஒண்ணு மேட்டுலயே இல்லை. நம்ம வாசல் எவ்வளவு ஒழுங்கா வேலை செய்யுதுங்கறதுக்கு இதைவிட என்ன நிரூபணம் வேணும்?"

ஆரின் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. கடைசி உருளையின் முள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. கொட்டகைக்குப் போய், குறடால் ஈயக் குண்டை வெட்டி எறிந்து, புது மூட்டுப் போட்டு வைத்திருந்த ஷாஃப்டை மாட்டினார். அன்றைக்கே கீழே போய் உருளைகளோடு திரும்பினார். வாசல் காவலும் லயலுக்குத்தான்; அவன் பச்சை வில்லையைப் பார்த்தான், கம்பைத் தூக்கினான். குனிந்து பார்க்கவில்லை. இப்படி ஒவ்வொரு வாரமும் போய்வந்தார். மேட்டில் அந்த வருடம் ஒழுங்காக ஏறி இறங்கிய வண்டி அது ஒன்றுதான். ராய்ஸின் வீட்டுக்கு மளிகையும் அதில்தான் போனது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் க்விஸ்ட், தம்முடைய திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க, உறுப்பினர்கள் இருவரை ஏற்றிக்கொண்டு வாரியத்தின் பெரிய வண்டியில் மேட்டுக்கு வந்தார். அவர் வண்டிக்கும் சோதனை வைத்து, அதே முறையில் பாஸாக்கி, அதே சீலை வைத்திருந்தார்கள். ஆரின் வீட்டுக்குக் கீழே உள்ள வளைவில் அது மெதுவாகத் திரும்பி, பின்பக்கத்தைப் பள்ளத்துக்குக் கொடுத்துவிட்டு நின்றது. ஆரின் தன் பிக்கப்பை இறக்கி, வடம் கட்டி, அதைச் சாலைக்கு இழுத்துப் போட்டார்.

"உள்ள வாங்க. பூட்ஸைத் தட்டிட்டு வாங்க," என்றாள் மேவிஸ். மூவருக்கும் காபியும் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரமும் கொடுத்தாள். க்விஸ்ட் கோட்டைக் கழற்றாமலே அடுப்போரம் போய் உட்கார்ந்தார். பயந்துதான் போயிருந்தார்.

"உங்களை மறக்கவே மாட்டேன், ஹாக்லண்ட் சார்," என்றார். "இந்தப் பனியில, அந்த ஏத்தத்துல, எங்க வண்டியையும் சேத்து எப்படி சார் இழுத்துச்சு?"

ஆரினுக்குச் சூது தெரியாது. "ஷாஃப்டை மாட்டியிருக்கேன்," என்றார்.

க்விஸ்ட் காபியைக் குடித்து முடித்தார். பலகாரத்தையும் தின்று முடித்தார். அதற்குப் பிறகுதான் முகம் மாறியது.

மறு வாரம் கூடத்தில் விசாரணை நடந்தது.

"இந்த மனுஷனுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன்," என்றார் க்விஸ்ட். கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை. "ஆனா ஒண்ணு யோசிங்க. இவர் வண்டி நல்லா ஏறுது. நாம சான்று குடுத்த வண்டிங்க ஏறலை. இதை அனுமதிச்சா ஜனங்க என்ன நெனப்பாங்க? சான்று வேற, ஏறறது வேறன்னு நெனப்பாங்க. அப்புறம் எவன் சான்று வாங்க வருவான்? நல்லா ஓடற வண்டியால இந்த மேட்டுக்கு வர்ற ஆபத்து, பள்ளத்துல விழற வண்டியால வராது."

"எம்பொண்டாட்டிக்கு மூச்சுக் கொண்டுபோறேன் சார்," என்றார் ஆரின். 

"அந்த அம்மாவை நெனச்சுதான் சொல்றேன். டவுன் இல்லத்துல நானே பேசி ரூமுக்கு ஏற்பாடு பண்ணிட்டேன்."

லயல் பிளேடால் பச்சை வில்லையைச் சுரண்டி எடுத்தான். பாதி கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டது.

மேவிஸைக் கீழே கொண்டுபோக மட்டும் ஒரு நாள் அனுமதி கொடுத்தார்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் வந்தாள். அதுதான் ஆரினுக்குத் தாங்கவில்லை. வைதிருந்தால் பரவாயில்லை. இல்லத்தில் அவளுக்குக் கிடைத்த அறையின் ஜன்னலைத் திறந்தால் எதிரே வாரியக் கூடம்தான் தெரிந்தது. திரையைப் போட்டுவிடச் சொன்னாள். ஆரின் பகலெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "கட்டிலுக்கு அடியில வெல்டு பண்ண ஏதாவது இருக்கா பாரு, சும்மாவே உக்காந்திருக்க," என்று ஒருநாள் கிண்டல் செய்தாள். வேறொரு நாள், "வீட்டுக்குப் போலாம் ஆரின்," என்றாள், கிண்டல் இல்லாமல். மார்ச்சில் போய்விட்டாள்.

வாரியத்தின் ஆண்டுக் கூட்டத்தில் க்விஸ்ட் எழுந்து நின்று, மேட்டு மக்களில் ஒருவரை இழந்துவிட்டோம் என்று மௌனம் அனுசரிக்கச் சொன்னார். அனுசரித்து முடித்ததும், ஜனவரியிலிருந்து மேட்டுச் சாலையில் ஒரு விபத்துகூட இல்லை என்று அறிவித்தார். விபத்துக்குள்ளாக அதற்குமேல் அங்கே ஓடுகிற வண்டி இல்லை. கைதட்டலில் ஆரினும் தட்டினாரா என்று ராய்ஸ் பிறகு கேட்டான். ஆரினுக்கு நினைவில்லை.

ஏப்ரல் கடைசியில் பனி உருகியது. வில்லை இல்லாத வண்டியும் போகலாம். ஆனால் வாசலில் லயல் உட்கார்ந்திருந்தான். அந்த வசந்தத்தில் வாரியம் புதிதாக ஒன்று ஆரம்பித்திருந்தது: மேட்டில் எந்த நேரமும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே பாதுகாக்க முடியும், ஆகவே ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் எண்ணவேண்டும்.

ஆரினின் பிக்கப் வந்து நின்றது. பக்கத்து இருக்கையில், பெல்ட் போட்டு, அஸ்தி வைத்த ஒரு தகரப் பெட்டி இருந்தது.

"எத்தனை பேர் சார்?"

"ரெண்டு பேர்."

லயல் எட்டிப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். பிறகு, "மன்னிச்சுக்குங்க சார். ஒருத்தர்னுதான் எழுத முடியும்," என்றான்.

ஆரின் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். வாசலுக்கு நட்டநடுவே வண்டி நின்றது. பின்னால் ராய்ஸ் வந்து நின்றான், விஷயம் கேட்டான், அவனும் நிறுத்தினான். பின்னால் பால் வண்டி, தபால் வண்டி. கடைசியில், மேட்டில் நிலம் பார்க்கத் தரகரோடு புறப்பட்ட க்விஸ்டே வந்து மாட்டிக்கொண்டார். ஆரின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கத்தவில்லை, வாதாடவில்லை. தரகர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டுன்னு எழுதித் தொலைப்பா," என்றார் க்விஸ்ட்.

லயல் இரண்டு என்று எழுதினான். வண்டி ஏறிப் போனது.

அடுத்த நாள் மத்தியானம் ஆரின் ரொட்டியும் ஆணியும் வாங்க இறங்கி வந்தார். லயல் கம்பைத் தூக்காமல் ஜன்னலருகே வந்து, தர்மசங்கடமாக நின்றான்.

"சார், நேத்து ரெண்டு பேர் ஏறினீங்க. இப்ப ஒருத்தர்தான் இறங்கறீங்க. இன்னொருத்தர் எங்கன்னு கேக்கணும். விதி சார்."

"வீட்ல இருக்கா," என்றார் ஆரின்.

லயல் அதை அப்படியே எழுதிக்கொண்டு கம்பைத் தூக்கினான்.